ஆய்வுகூடத்தில் அஸ்பரஜினேஸ் தயாரித்தல்: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வைத் தொடங்குகின்ற மாணவர் ஒருவர், பற்றீரியாவைக் கொண்டு தம் கையாலேயே ஒரு நொதியத்தைத் தயாரித்துப் பார்க்க விரும்பினால், எதைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு நான் தயக்கமின்றிச் சொல்லும் விடை எல்-அஸ்பரஜினேஸ் என்பதாகும். இந்த நொதியம் அஸ்பரஜின் என்னும் அமினோவமிலத்தை நீர்ப்பகுப்புச் செய்து அஸ்பார்ட்டிக் அமிலமாகவும் அமோனியாவாகவும் பிரிக்கிறது. அதற்குத் துணைநொதியம் எதுவும் வேண்டியதில்லை. வெளிவரும் அமோனியாவை, எளிய நிறமானி ஒன்று இருந்தாலே, நிறம் மாறுவதைக் கொண்டு அளந்துவிடலாம். தயாரித்த பொருள் வேலை செய்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிவது புதியவருக்குப் பெரிய துணை.

இதற்கு நல்ல வரலாறும் உண்டு. கினிப்பன்றியின் குருதி நீர்ப்பாயம் சுண்டெலிகளில் சிலவகைப் புற்றுக்கட்டிகளைச் சுருங்கச் செய்வதை 1953இல் ஜோன் கிட் அறிவித்தார். அதற்குக் காரணம் நீர்ப்பாயத்திலுள்ள அஸ்பரஜினேஸ்தான் என்பதை 1961இல் ஜோன் புரூம் காட்டினார். ஈ. கோலை பற்றீரியாவின் நொதியத்துக்கும் அதே ஆற்றல் உண்டு என்பது 1964இல் தெரியவந்தது. 1978இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. குழந்தைகளைத் தாக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் நோயுற்ற கலங்கள் தமக்குப் போதிய அஸ்பரஜினைத் தாமே ஆக்கிக்கொள்ள இயலாமல் குருதியை நம்பியிருப்பதால், குருதியிலுள்ள அஸ்பரஜினை அழித்துவிட்டால் அவை பட்டினியால் மடிகின்றன. அஸ்பரஜின் என்ற பெயர், 1806இல் அது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட அஸ்பரகஸ் செடியிலிருந்து வந்தது. நம் வீடுகளில் கஞ்சிக்குப் போடும் சாத்தாவாரியும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் தயாரிக்கப்போவது ஆய்வுக்கான நொதியமே தவிர மருந்தன்று. ஈ. கோலையின் கலச்சுவரிலிருந்து வரும் நச்சுக்கள் அதில் கலந்திருக்கும். எவ்வளவு தூய்மையாகத் தெரிந்தாலும் அது மனித உடலுக்குள் போகக்கூடாது.

எட்டுச் சிறு குழாய்கள்

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றரை மில்லிலீற்றர் கொள்ளும் சிறு குழாய்கள் எட்டை எடுத்து, ஒன்று முதல் எட்டு வரை இலக்கமிட்டு வையுங்கள். ஒவ்வொரு படியின் முடிவிலும், அடுத்த படிக்குப் போகும் முன், ஒரு சிறு பங்கு அதற்குரிய குழாய்க்குள் போக வேண்டும். அந்தப் படியின் மொத்தக் கனவளவு எவ்வளவு என்பதும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். தூண்டலுக்கு, அதாவது நொதிய ஆக்கத்தை முடுக்கிவிடுவதற்கு, முன் எடுத்த வளர்ப்பு முதலாவது. அறுவடைக்குச் சற்றுமுன் எடுத்தது இரண்டாவது. சுக்குரோசு நீர் மூன்றாவது. குளிர்நீரில் வெளிவந்த பெரிபிளாசச் சாறு (கலத்தின் இரு மென்சவ்வுகளுக்கு இடையிலிருந்து வருவது) நான்காவது. எஞ்சிய கலங்கள் ஐந்தாவது. நொதியத்தைப் பிடித்துவைக்கும் நிக்கல் நிரலில் ஒட்டாமல் ஓடி வந்தது ஆறாவது. கழுவிய நீர் ஏழாவது. இறுதியாக இறக்கிய நொதியம் எட்டாவது. கடைசிப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஊற்றிவிடும் மாணவருக்கு, நொதியம் கிடைக்காதபோது எங்கே போயிற்று என்று தேட இடமே இருக்காது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதையே வையுங்கள்.

எந்தப் பரம்பரையலகு, எந்தப் பிளாஸ்மிட்

ஈ. கோலையில் அஸ்பரஜினேஸ் இரண்டு வகை உண்டு. ஒன்று கலத்தின் உள்ளேயே இருப்பது. அஸ்பரஜின் மீது அதற்கு நாட்டம் குறைவு. மற்றையது உள்மென்சவ்வுக்கும் வெளிமென்சவ்வுக்கும் இடைப்பட்ட பெரிபிளாசத்தில் இருப்பது; மிகச் சிறிய செறிவிலும் அஸ்பரஜினைப் பற்றிக்கொள்வது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. அதன் பரம்பரையலகின் பெயர் ஆன்ஸ்-பி. அது 348 அமினோவமிலங்கள் கொண்ட சங்கிலியாக ஆக்கப்பட்டு, முன்னாலுள்ள 22 அமினோவமில வழிகாட்டித் துண்டு வெட்டப்பட்டபின் 326 அமினோவமிலங்களோடு நிற்கிறது. அத்தகைய நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 கிலோடால்ற்றன், ஒன்றுகூடினால்தான் நொதியம் தொழிற்படும்.

பரம்பரையலகைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் சிறு டிஎன்ஏ வளையமே பிளாஸ்மிட். பெட்-22பி என்ற பிளாஸ்மிட் இதற்குப் பொருத்தமானது. அதில் பெல்-பி என்ற வழிகாட்டித் துண்டு ஏற்கனவே இருப்பதால் புரதம் பெரிபிளாசத்துக்கு அனுப்பப்படும். பின்முனையில் ஆறு ஹிஸ்டிடின்கள் சேர்வதால் நிக்கல் நிரலில் ஒட்டும். பரம்பரையலகைப் பெருக்குவதற்குத் தொடக்கமாக அமையும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரை வரையும்போது புதியவர்கள் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். பரம்பரையலகின் சொந்த வழிகாட்டித் துண்டை நீக்காமல் விட்டால் இரண்டு வழிகாட்டிகள் அடுத்தடுத்து நிற்கும்; இறுதியிலுள்ள நிறுத்தக் குறியை நீக்காமல் விட்டால் ஹிஸ்டிடின் வால் வராது. இரண்டையும் நீக்கினால் பெருக்க வேண்டிய நீளம் 978 காரச் சோடிகள். டிஎன்ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் வெட்டு நொதியங்களின் தளங்களுக்குரிய எழுத்துகள் அதற்கு மேலதிகம். தெரிவு செய்த வெட்டுத் தளங்கள் பரம்பரையலகின் நடுவிலும் இல்லை என்பதையும், வாசிப்புச் சட்டகம் ஒரு எழுத்துக்கூட நகரவில்லை என்பதையும் கணினியில் சரிபார்த்தபின் பிரைமரை வரவழையுங்கள். பிரைமர் கொழும்பைக் கடந்து நம் கையில் சேரும்வரை காத்திருந்தபின், ஓரெழுத்துப் பிழையைக் கண்டுபிடிப்பதைவிடக் கசப்பானது வேறில்லை.

பிளாஸ்மிட்டைக் கலத்துக்குள் புகுத்தும் முறையில் விரித்துச் சொல்ல அதிகமில்லை. பிஎல்21-டிஈ3 என்ற ஈ. கோலை வகையின் தகுநிலைக் கலங்களை (பிளாஸ்மிட்டை ஏற்கத் தக்கதாக்கிய கலங்களை) ஐஸில் அரை மணி நேரம் பிளாஸ்மிட்டோடு வைத்து, 42 பாகை நீரில் 45 விநாடி அமிழ்த்தி, மீண்டும் ஐஸில் இரண்டு நிமிடம் வைத்து, ஊடகம் சேர்த்து 37 பாகையில் ஒரு மணி நேரம் விட்டபின், பிளாஸ்மிட் ஏறாத கலங்களை வளரவிடாத அம்பிசிலின் மில்லிலீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் கொண்ட தட்டில் பரப்புங்கள். பரம்பரையலகு செருகாத வெறும் பிளாஸ்மிட்டையும் இன்னொரு தட்டில் இதேபோல் புகுத்த மறவாதீர்கள். ஈ. கோலைக்குச் சொந்தமாகவே இந்நொதியம் உண்டு. அதிலும் காற்று குறையும்போது அது கூடுதலாக ஆக்கப்படும். வெறும் பிளாஸ்மிட் கொண்ட கலத்தில் எவ்வளவு தொழிற்பாடு இருக்கிறது என்று தெரியாவிட்டால், நீங்கள் அளப்பது உங்கள் நொதியத்தையா, பற்றீரியாவின் பழைய சொத்தையா என்று சொல்ல முடியாது.

வளர்ப்பும் வெப்பநிலையும்

தட்டிலிருந்து தனித்த ஒரு குடியேற்றத்தை எடுத்து, அம்பிசிலின் கலந்த 10 மில்லிலீற்றர் எல்பி ஊடகத்தில் இரவு முழுவதும் வளர்த்து, மறுநாள் காலை அதில் இரண்டரை மில்லிலீற்றரை 250 மில்லிலீற்றர் புதிய ஊடகத்தில் சேர்க்க வேண்டும். 250 மில்லிலீற்றருக்கு ஒரு லீற்றர் குடுவை வேண்டும். கழுத்துவரை நிரப்பினால் காற்றுப் போகாது. அம்பிசிலின் வெக்கையில் கெடும் பொருள். அதுவன்றி, பிளாஸ்மிட் கொண்ட கலங்கள் வெளிவிடும் வேறொரு நொதியமும் அதை அழித்துவிடும். கிழமைக்கணக்கில் மேசையில் கிடந்த தட்டில் குடியேற்றங்களைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகச் சிறு புள்ளிகள் தோன்றியிருந்தால், அவை பிளாஸ்மிட் இல்லாதவை. அவற்றைத் தொடாதீர்கள்.

600 நானோமீற்றரில் ஒளியடர்த்தி 0.6 அளவை எட்டும்வரை 37 பாகையில் வளர விடுங்கள். இதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இந்தக் கட்டத்தில் முதலாவது குழாய்க்குரிய பங்கை எடுத்துவிட்டு, குடுவையை 20 பாகைக்கு இறக்கி, பரம்பரையலகை இயக்கிவிடும் ஐபிடிஜி என்ற தூண்டியை 0.1 மில்லிமோலார் அளவுக்குச் சேர்த்து, 16 மணி நேரம் குலுக்க வேண்டும்.

ஏன் குளிர்விக்க வேண்டும்? 37 பாகையில் கலம் புரதத்தை அவசரமாக ஆக்கித் தள்ளும். மென்சவ்விலுள்ள வாயில்களோ சிலவே. வாயிலில் நெரிசல் ஏற்பட்டால், சரியாக மடியாத சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பெரிபிளாசத்துக்குப் போனால்தான் இந்நொதியத்தின் இரண்டு சிஸ்ரின்களுக்கிடையிலான கந்தகப் பிணைப்பும் ஒழுங்காக உருவாகும். கச்சான் காற்று வீசும் நாளில் உறைய வைத்த எருமைத் தயிர், மத்தியானத்துக்குள் புளித்து, சட்டியில் தண்ணீர் விட்டுப் பிரிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அவசர வெப்பம் பற்றீரியாவின் வேலையை எப்படிக் கெடுக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் “அறை வெப்பநிலை” என்று வருமிடமெல்லாம் 20 முதல் 25 பாகை என்று பொருள். நமது கரையோரத்தில் ஆனி ஆடி மாதங்களில் அறையின் வெப்பநிலை 33 பாகையைத் தொடும். அதைவிட மோசமானது குலுக்கியின் முகப்பில் தெரியும் எண். பல குலுக்கிகள் சூடாக்க மட்டுமே வல்லவை. அவற்றுக்குக் குளிர்விக்கத் தெரியாது. முகப்பில் 20 என்று நீங்கள் அமைத்தாலும், உள்ளே இருப்பது அறையின் வெப்பமும் மோட்டாரின் வெப்பமும்தான். நான் முதன்முறை செய்தபோது இரண்டு கிழமை தொடர்ந்து கட்டிப் புரதமே வந்தது. பிளாஸ்மிட்டில்தான் பிழை என்று நம்பி எல்லாவற்றையும் மறுபடி செய்யப் புறப்பட்டேன். அங்கிருந்த மூத்த ஆய்வுகூட உதவியாளர், “தம்பி, அந்த நம்பரைப் பார்க்காதீங்க, குடுவையைத் தொட்டுப் பாருங்க” என்றார். தொட்டபோது அது இளஞ்சூடாக இருந்தது. வெப்பமானியை உள்ளே விட்டபோது 35 காட்டியது.

ஆகவே, வளர்ப்பு வைப்பதற்கு முதல்நாளே, தண்ணீர் நிரப்பிய குடுவை ஒன்றைக் குலுக்கியில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்து பாருங்கள். குளிர்விக்கும் குலுக்கி இல்லையென்றால் குளிரூட்டிய அறைக்குள் குலுக்கியை நகர்த்துங்கள்; 24 அல்லது 25 பாகை கிடைத்தாலும் போதுமானது. முழு அளவில் இறங்கும் முன், பத்து மில்லிலீற்றர் வளர்ப்புகள் மூன்றை மூன்று வெப்பநிலைகளில் வைத்துப் பார்ப்பது ஒருநாள் வேலை. பின்னால் ஒரு மாதத்தை மிச்சப்படுத்தும். இரவில் மின்வெட்டு வந்து குலுக்கி நின்றிருந்தால் அந்த வளர்ப்பைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே என் வழக்கம். எவ்வளவு நேரம் காற்றின்றி நின்றது என்று தெரியாத குடுவையிலிருந்து கிடைக்கும் எண்ணுக்கு விளக்கம் எழுத முடியாது.

கலத்தை உடைக்காமல் சாற்றை எடுத்தல்

காலையில் இரண்டாவது குழாய்க்குரிய பங்கை எடுத்தபின், 4 பாகையில் 5000 ஜி விசையில் 15 நிமிடம் மையநீக்கம் செய்து கலங்களைச் சேகரியுங்கள். நொதியம் பெரிபிளாசத்தில் இருப்பதால் கலத்தை முழுதாக உடைக்க வேண்டியதில்லை. பிரசாரண அதிர்ச்சி (செறிந்த சுக்குரோசிலிருந்து திடீரென ஐதான குளிர்நீருக்கு மாற்றுதல்) கொடுத்தால் வெளிமென்சவ்வு மட்டும் கசிந்து, அதற்குள் இருப்பவை வெளிவரும். முதலில் கலங்களை 20 சதவீதச் சுக்குரோசு, 30 மில்லிமோலார் ட்ரிஸ், ஒரு மில்லிமோலார் ஈடிடிஏ கொண்ட, பிஎச் 8 ஆன கரைசலில் கட்டியில்லாமல் கரைத்து, பத்து நிமிடம் மெல்ல ஆட்டி, மையநீக்கம் செய்யுங்கள். மேலே தெளிந்து நிற்பது மூன்றாவது குழாய்க்கு. கீழே படிந்த கலங்களில், ஐஸில் வைத்துக் குளிர்ந்த 5 மில்லிமோலார் மக்னீசியஞ் சல்பேற்றுக் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றி, உடனே கரைத்து, ஐஸிலேயே பத்து நிமிடம் ஆட்டுங்கள். மறுபடி மையநீக்கம் செய்தால் மேலே நிற்கும் தெளிந்த நீரில் உங்கள் நொதியம் இருக்கும். அது நான்காவது, கீழே எஞ்சியவை ஐந்தாவது.

இந்த இடத்தில் குளிர் உண்மையாகவே குளிராக இருக்க வேண்டும். ஐஸ் இயந்திரம் இல்லாத ஆய்வுகூடங்களுக்கு, கல்லடியிலும் வாழைச்சேனையிலும் மீனுக்குப் போடும் ஐஸ்கட்டி கைகொடுக்கும். அதைச் சாக்கில் சுற்றிப் பொடியாக உடைத்து, ரெஜிபோம் பெட்டியில் போட்டு, மூழ்குமளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே நிற்கும் குழாயைக் காற்றே சூழ்ந்திருக்கும், ஐஸும் நீரும் கலந்த கூழ்தான் குழாயை நாற்புறமும் தழுவிச் சீராகப் பூச்சியப் பாகைக்குக் கொண்டுபோகும். உப்புப் போடாதீர்கள், போட்டால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிக் கலங்கள் உறைந்துவிடும். அந்த ஐஸ் தூய்மையானதன்று என்பதால் மூடி இறுக்கமான குழாய்களே உள்ளே போக வேண்டும்.

நிக்கல் நிரல்

நான்காவது சாற்றில் பிஎச் 8 ஆன ட்ரிஸ் தாங்கற் கரைசலும், 300 மில்லிமோலார் சோடியங் குளோரைட்டும், 10 மில்லிமோலார் இமிடசோலும் (ஹிஸ்டிடினோடு போட்டியிட்டுப் புரதத்தை நிக்கலிலிருந்து கழற்றும் பொருள்) வரும்படி சேர்த்து, ஒரு மில்லிலீற்றர் நிக்கல் பிசின் கொண்ட நிரலில் மெதுவாக ஓட விடுங்கள். மூன்றாவது நீரையும் இதனோடு சேர்த்து ஊற்றினால் வீணாகாதே என்று தோன்றும். அதிலுள்ள ஈடிடிஏ நிக்கலைப் பிசினிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விடும், நீல நிறப் பிசின் கண்ணெதிரே வெளுத்துவிடும். அப்படிச் சேர்ப்பதானால் முதலில் கூழ்பிரிப்புச் செய்து (மென்சவ்வுப் பையிலிட்டுச் சிறு மூலக்கூறுகளை வெளியேறவிட்டு) ஈடிடிஏயை அகற்றுங்கள். பிறகு 20 மில்லிமோலார் இமிடசோலால் பத்து மடங்கு கனவளவுக்குக் கழுவி, 250 மில்லிமோலாரால் இறக்கி, இமிடசோல் போகுமாறு 50 மில்லிமோலார் ட்ரிஸுக்கு எதிராகக் கூழ்பிரிப்புச் செய்யுங்கள்.

எட்டுக் குழாய்களையும் புரதங்களைப் பருமன்படி பிரிக்கும் 12 சதவீத எஸ்டிஎஸ் கூழில் ஓட்டினால், எட்டாவது வரிசையில் 35 கிலோடால்ற்றனுக்குச் சற்று மேலே தடித்த ஒற்றைப் பட்டை தெரிய வேண்டும். பட்டை தெரிந்ததும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். செத்த நொதியமும் அதே இடத்தில்தான் பட்டை காட்டும்.

தொழிற்பாட்டை அளத்தல்

பிஎச் 8.6 ஆன 50 மில்லிமோலார் ட்ரிஸில் கரைத்த 10 மில்லிமோலார் அஸ்பரஜினை, ஒரு மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, 37 பாகை நீர்த்தொட்டியில் சூடேறவிட்டு, 20 மைக்கிரோலீற்றர் நொதியம் சேர்த்து, சரியாகப் பத்து நிமிடத்தில் 0.1 மில்லிலீற்றர் முக்குளோரோ அசற்றிக் அமிலம் விட்டு நிறுத்துங்கள். மையநீக்கம் செய்து, தெளிந்ததில் ஒரு சிறு பங்கை நீரோடு சேர்த்து நெஸ்லர் கரைசல் விட்டால், அமோனியாவின் அளவுக்கேற்ப இளமஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை நிறம் ஏறும். பத்து நிமிடம் கழித்து 450 நானோமீற்றரில் அகத்துறிஞ்சலை வாசியுங்கள். ஒப்பீட்டுக்கான வெற்றுக் குழாய்க்கு அமிலத்தை முதலில் விட்டு, நொதியத்தைப் பின்னர் விட வேண்டும். நியம வளைகோட்டுக்கு அமோனியஞ் சல்பேற்றைப் பயன்படுத்துவது வழக்கம். அதன் ஒரு மூலில் இரண்டு மூல் அமோனியம் இருப்பதை மறந்தவர்களின் முடிவுகள் சரிபாதியாகக் குறைந்திருக்கும்.

அமோனியஞ் சல்பேற்று என்றதும் இன்னொன்று. பாடநூல்களில் புரதத்தை வீழ்படிவாக்க முதலில் சொல்லப்படுவது அந்த உப்புத்தான். நானும் ஒருமுறை அவ்வாறே செய்து, அவசரமாகக் கூழ்பிரித்து, நெஸ்லர் விட்டேன். வெற்றுக் குழாய் உட்பட எல்லாமே கபில நிறமாகிக் கலங்கிப்போயின. இந்த நொதியத்துக்கு அந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள். செறிந்த அமோனியாப் போத்தலை யாராவது திறக்கும் அறையிலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

கணக்கு எளிது. 37 பாகையில் ஒரு நிமிடத்தில் ஒரு மைக்கிரோமூல் அமோனியாவை வெளிவிடும் நொதியமே ஓர் அலகு. பத்து நிமிடத்தில் முழுக் கலவையிலும் 0.6 மைக்கிரோமூல் உண்டானதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 0.06, அதை 20 மைக்கிரோலீற்றர் செய்ததால் மில்லிலீற்றருக்கு 3 அலகுகள். பிராட்போர்ட் முறையில் அளந்த புரதம் மில்லிலீற்றருக்கு 0.05 மில்லிகிராம் என்றால், மில்லிகிராமுக்கு 60 அலகுகள். நன்கு தூய்தாக்கிய நொதியம் 200ஐத் தாண்டும். முதல் முயற்சியில் 60 வந்தாலும் அது தொடக்கந்தான், தோல்வியன்று. நிறம் மிகையாக ஏறிவிட்டால், நெஸ்லர் விட்டபின் நீர் சேர்த்து ஐதாக்காமல், நொதியத்தை முதலிலேயே ஐதாக்கி மறுபடி செய்யுங்கள்.

இனிக் குழாய்களைக் கேளுங்கள். இரண்டாவதில் தொழிற்பாடே இல்லையென்றால் பிளாஸ்மிட் தொலைந்திருக்கலாம், அல்லது ஐபிடிஜி பழையதாகியிருக்கலாம். இரண்டாவதில் தொழிற்பாடு இருந்து, மூன்றாவதிலும் அது மிகுந்திருந்தால், கலங்கள் சுக்குரோசிலேயே கசிந்துவிட்டன. கரைக்கும்போது கை முரடாகியிருக்கும். ஐந்தாவதில் தொழிற்பாடு தங்கியிருந்தால் குளிர்நீர் போதிய அளவு குளிரவில்லை, அல்லது கலங்கள் கட்டியாகவே கிடந்தன. ஐந்தாவதில் பட்டை தடித்தும் தொழிற்பாடு இல்லாமலும் இருந்தால் அது கட்டிப் புரதம். வெப்பமானியை எடுத்துக்கொண்டு குலுக்கிக்குப் போங்கள். ஆறாவதில் நொதியம் ஓடிப்போயிருந்தால் ஈடிடிஏயையோ பிஎச்சையோ சந்தேகியுங்கள். ஏழாவதில் போயிருந்தால் கழுவும் நீரில் இமிடசோல் கூடிவிட்டது.

கழிவும் சேமிப்பும்

நெஸ்லர் கரைசலில் பாதரசம் இருக்கிறது. அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால், நம் ஊரில் அது கடைசியில் வாவியைத்தான் சேரும். அந்த வாவியின் மீனையும் இறாலையும் நாம்தான் உண்கிறோம். ஒவ்வொரு துளியையும், முதலில் அலசிய நீரையும், பெயரெழுதிய கண்ணாடிப் போத்தலில் சேர்த்து ஆபத்தான இரசாயனக் கழிவாக ஒப்படையுங்கள். பீனோலும் ஐபோகுளோரைற்றும் கொண்டு நீலநிறம் வருவிக்கும் முறையில் பாதரசம் இல்லை. நேரம் சற்றுக் கூடினாலும் வசதியுள்ளவர்கள் அதையே கையாளலாம் என்பது என் எண்ணம். மாற்றியமைத்த பற்றீரியா பட்ட ஊடகம், தட்டு, குழாயி முனை எல்லாம் 121 பாகையில் 20 நிமிடம் அழுத்தக் கொதிகலனில் வெந்தபின்னரே வெளியே போக வேண்டும்; உங்கள் நிறுவனத்தின் உயிரியற் பாதுகாப்பு அனுமதியை வேலை தொடங்குமுன்னரே பெற்றிருக்க வேண்டும்.

நொதியத்தை ஒரே போத்தலில் வைக்காமல் சிறு பங்குகளாகப் பிரித்து, சரிபாதி கிளிசரோல் சேர்த்து, மறை 20 பாகையில் வையுங்கள். கிளிசரோல் இருப்பதால் அது கட்டியாக உறையாது, வேண்டியபோது ஒரு பங்கை மட்டும் எடுக்கலாம். மாரிகாலத்தில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றுபோவது வழக்கமாகையால், உறைந்த நீர்ப்போத்தல்கள் நாலைந்தைக் குழாய்ப்பெட்டியைச் சுற்றி அடுக்கி வையுங்கள். குழாயின் மீது திகதியையும் மில்லிலீற்றருக்கு எத்தனை அலகுகள் என்பதையும் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் அழிந்துவிடும்.